ஆஹெனில் நான் இலவசமாகத் திட்டிய சனிக்கிழமை

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் தொந்தரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. நான் அரைகுறை. சென்னையில் மூன்று மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போய் 'மிக நன்று' வாங்கியவன். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து ஜெர்மனியில் இருக்கும் ஆஹென் நகரம் வரை எடுத்துப் போயிருந்தேன். (இன்றுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.)

அங்கே நான் பொறியியல் மேற்படிப்புக்குச் சேர்ந்த இரண்டாயிரங்களின் நடுவில், எங்கள் மாணவர் விடுதியின் மேல்மாடியில் மெர்லின் அக்கா இருந்தார். நாகர்கோவில்காரர். மருத்துவ ஆய்வகத்தில் பிஎச்.டி. சனிக்கிழமைகளில் வீடில்லாதவர்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துப் போகும் ஒரு பகல்நேர மையத்துக்கு உதவிக்குப் போவார்.

"சரவணா, சாட்டர்டே ஃப்ளூ ஊசி போடுறோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிறவங்களக் கூப்பிடணும். நோட்டீஸ் குடுத்தா வாங்க மாட்டாங்க, பேசித்தான் கூப்பிடணும். உன் ஜெர்மன் தாங்குமா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க," என்றேன்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. ஊசி போட வந்த டாக்டர் அறுபது வயது அம்மையார், உள்ளூர்க்காரர். என்னை நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் பேசினார். போன குளிர்காலத்தில் இரண்டு பேரைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவில்லை, இவர்கள் யாரையும் சுலபத்தில் நம்ப மாட்டார்கள், அதனால் மரியாதையாகக் கூப்பிடு என்றார். அது அக்கா பிறகு சொல்லித் தெரிந்தது. எனக்கு அப்போது புரிந்தது 'காய்ச்சல்', 'மரியாதை', அப்புறம் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்: ஷிம்ஃபன். தடுப்பூசி போடுவதைத்தான் சொல்கிறார் என்று நானே முடிவு செய்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

பேருந்து நிலையத்தில் ஓரமாகப் படுத்திருந்தவர், நாயோடு உட்கார்ந்திருந்தவர், ஒருவரையும் விடவில்லை. "வணக்கம். இன்றைக்கு உங்களுக்கு இலவசமாக ஷிம்ஃபன். டாக்டரே செய்வார். இரண்டே நிமிடம், வலிக்காது. குளிர்காலம் முழுக்கத் தாங்கும்."

ஒருவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாய்க்காரர் இருமல் வரும்வரை சிரித்தார். என் உச்சரிப்பில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

கடைசியாக ஹெல்கா. ஐம்பது வயதிருக்கும், தள்ளுவண்டி நிறையப் பைகள், தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"இன்று காலையிலிருந்து மூன்று பேர் செய்துவிட்டார்கள். இலவசமாகத்தான். இதற்கு அவ்வளவு தூரம் நடந்து வரணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே காலையில் மூன்று ஊசியா? உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "அசையாதீர்கள்" என்று அவரிடம் சொல்லிவிட்டு மழையில் ஓடினேன். மையத்துக்குள் மூச்சு வாங்க நுழைந்து விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா முகம் வெளுத்தது. "மூணு ஊசியா? நீ என்ன சொல்லிக் கேட்ட? அப்படியே சொல்லு."

சொன்னேன். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது இம்ஃபன்-டா. இம்ஃபன்னா ஊசி. 'ஸிஷ் இம்ஃபன்'னா ஊசி போட்டுக்கிறது, டாக்டர் அதைச் சேர்த்துச் சொல்றாங்க, இந்த ஊர்ப் பேச்சு அப்படி. ஷிம்ஃபன்னா திட்டுறது."

அதாவது, மழையில் நனைந்துகொண்டிருந்த இருபது பேரிடம் போய், 'வாருங்கள், இலவசமாகத் திட்டுகிறோம், டாக்டரே திட்டுவார், குளிர்காலம் முழுக்கத் தாங்கும்' என்று மரியாதையாக அழைத்திருக்கிறேன். ஹெல்காவைக் காலையிலிருந்து மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். நான் நாலாவது.

ஊசிக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை. குளிர்பெட்டியில் ஊசி மருந்து அப்படியே இருந்தது. டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் உள்ளங்கையில் பேனாவால் சரியான சொல்லை எழுதி, "போ, மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வா," என்றார்.

போனேன். ஹெல்கா உண்மையிலேயே அசையாமல் அங்கேயே நின்றிருந்தார். உள்ளங்கையைக் காட்டினேன், மேல்கையில் குத்துவதுபோல் நடித்தேன், மன்னிக்கவும் என்று ஏழெட்டுத் தடவை சொன்னேன். அவர் உள்ளங்கையைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். நாய்க்காரரும் வந்தார்.

ஊசி போட்டு முடிந்தது. ஹெல்கா சட்டைக் கையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி. திட்டு எங்கே? இலவசம் என்றாயே."

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். எங்கள் ஜெர்மன் வகுப்பில் வசவு சொல்லித்தரவில்லை.

"தமிழ்ல திட்டிச் சமாளி," என்றார் அக்கா மெதுவாக.

வாயைத் திறந்தேன். என் அம்மா வாராவாரம் போனில் என்னைத் திட்டுவதுதான் வந்தது. (மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்துக்கொண்டேன்.) "இந்த மழையில தலைய நனைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அறிவிருக்கா? காதுல ஒரு துணியக் கட்டினா குறைஞ்சா போயிடுவீங்க? நேரத்துக்குச் சாப்பிடுறதும் கிடையாது. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

ஹெல்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். என்ன சொல்கிறான் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா வரிக்கு வரி ஜெர்மனில் சொன்னார்.

"காலையில் திட்டியவர்கள் இப்படித் திட்டவில்லை," என்றார் ஹெல்கா. பிறகு வெளியே போனார். கால் மணி நேரத்தில் ஆறு பேரோடு திரும்பி வந்தார். எல்லாருக்கும் ஊசியும் வேண்டும், திட்டும் வேண்டும்.

மதியத்துக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. குளிர்பெட்டி காலி. நாய்க்காரர் மட்டும் போக மனமில்லாமல் நின்று, நாயையும் ஒரு வார்த்தை திட்டச் சொன்னார். திட்டினேன்.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது தப்பு. அவள் மகளிடம் சொன்னது அதைவிடத் தப்பு. படிப்பு முடிந்தும் நான் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டதால், மகளுக்கு ஐந்து வயதில் பள்ளிக்கான ஊசி போட அங்கேயே அழைத்துப் போனோம். போட்டு முடித்த டாக்டர் மிட்டாய் நீட்டினார். அவள் வாங்காமல் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அதுவும் தெளிவான ஜெர்மனில், "அப்பா, இப்ப என்னைத் திட்டுங்க," என்றாள்.

டாக்டர் மிட்டாயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்லும் அளவுக்கு இப்போது எனக்கு ஜெர்மன் வரும்தான். அதற்குள் என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரோ ஒருத்தி மாதிரி, வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.