அக்காவின் மேசையில் மூன்று மிஷின்கள் எழுதிய பரீட்சை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் இவரும் மகளும் நலம். வீட்டில் மேசையைத் தவிர மற்ற பொருள்களும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள்; இந்தக் கடிதத்தின் கடைசி வரியிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் மேசையைப் பெரிய போர்வையால் கால்வரை இழுத்து மூடினேன். மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். துக்கம் கேட்க வந்தவள் போல இருந்தது. பிறகு சமையலறைக்குப் போய் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து மேசையை எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குள் சில விஷயங்கள் உனக்குத் தெரிந்துவிடுவது உனக்கும் நல்லது, வண்டிக்காரருக்கும் நல்லது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தானுக்கு மாற்றல் வந்து நீங்கள் போனபோது, அம்மா வீட்டிலிருந்து நீ எடுத்துப்போன அந்தத் தேக்கு மேசையை என்னிடம் ஒப்படைத்து நீ சொன்னதெல்லாம் வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. சூடான பாத்திரம் வைக்கக் கூடாது, ஈரத்துணி போடக் கூடாது, ஜன்னல் வெயில் படக் கூடாது, யாரும் ஏறி நின்று பல்பு மாற்றக் கூடாது. ஒன்றைக்கூட மீறவில்லை. ஆனால் உன் பட்டியலில் மிஷின் இல்லை அக்கா. அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வருஷத்திலிருந்து சனிக்கிழமைகளில் நான் மரவேலை வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். “இந்த வயசுல உளியாடி” என்று நீ சிரித்தது எனக்கும் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுவதும் அடுத்தவர் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றி ரத்தம் எடுப்பவளுக்கு, வலிக்கிறது என்று சொல்லாத எதையாவது தொட வேண்டும் என்று ஆசை வந்தது, அவ்வளவுதான். முதலில் ஒரு முக்காலி செய்தேன். மூன்று கால் ஆடாது என்பார்கள், என்னுடையது ஆடியது. பிறகு மூடி போட்ட பெட்டி ஒன்று. அடுத்து மகளுக்குப் புத்தக அலமாரி செய்ய நினைத்தேன். தட்டுகள் போய் உட்காரப் பள்ளம் எடுக்க வேண்டும், விளிம்பு கையைக் கீறாமல் உருட்ட வேண்டும். உளியால் செய்தால் அவள் படித்து முடித்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவாள். “சின்ன ரூட்டர் ஒண்ணு வாங்கிடுங்கம்மா” என்றார் வகுப்பு எடுப்பவர். வீட்டுக்கு இணையம் தருகிற பெட்டி என்று நினைத்துக்கொள்ளாதே. இது தண்ணீர் பாட்டில் அளவில் இருக்கும் மிஷின்; அடியில் பிட் என்று ஒரு சின்னக் கத்தி பம்பரம் போலச் சுற்றும்; மரத்தில் பள்ளம் எடுக்கும், கூர் விளிம்பை வளைவாக்கும். ஒரே கையால் பிடிக்கலாம். அவ்வளவு சின்னது இவ்வளவு செய்யும் என்று யார் கண்டார்கள்.

நான் செய்த தப்பு, இவரிடம் சொன்னது. கடைக்குப் போனேன், ஒன்றை எடுத்துப் பார்த்தேன், கைக்குள் அடங்கியது, பிடித்திருந்தது. அதோடு முடித்திருக்க வேண்டும். ஆனால் உனக்கு இவரைத் தெரியும். கணக்கு வாத்தியார், இருபது வருஷமாகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தி அரை மதிப்பெண் போட்டே பழகிய கை. மின்விசிறி வாங்கப் போனபோது கடையில் இருந்த பதினோரு விசிறிக்குக் கீழேயும் ஐந்தைந்து நிமிஷம் நின்று, எங்கே வேர்வை சீக்கிரம் காய்கிறது என்று எழுதி வைத்தவர்.

“புடிச்சிருக்குன்னா என்ன அர்த்தம்? எனக்குக்கூடத்தான் முதல் பெஞ்சுப் பையனைப் புடிக்கும். அதுக்காக நூறு போட்டுட முடியுமா?” என்றார்.

“இது மிஷினுங்க.”

“மிஷினும் எழுதட்டும். பரீட்சை வச்சுப் பார்த்துடலாம்.”

மூன்று நாளில் மூன்று மிஷின் வீட்டுக்கு வந்தன. ஒன்றாம் எண், பக்கத்து வீட்டில் அலமாரி வேலை செய்துகொண்டிருக்கும் தச்சருடையது. பழசு, உடம்பெல்லாம் கீறல். இரண்டாம் எண், நான் கடையில் கையில் எடுத்துப் பார்த்தது. கடைக்காரர் இவரிடம் படித்து இரண்டு தடவை கணக்கில் தோற்றவர், இன்றும் இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார், “ஒரு வாரம் வச்சுப் பாருங்க சார்” என்று கொடுத்துவிட்டார். மூன்றாம் எண், இவரோடு வேலை செய்யும் இயற்பியல் வாத்தியாருடையது. ஒயர் இல்லை, பேட்டரியில் ஓடும். மூன்றுக்கும் வரிசை எண் எழுதி ஒட்டினார். நான் ஒரு பழைய பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து வைத்தேன்.

“இதுல ஓட்டினா எல்லாமே பாஸ்தான். கேள்வித்தாள் கஷ்டமா இருந்தாத்தான் தரம் தெரியும்” என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் இருந்த ஒரே கஷ்டமான மரம் உன்னுடையது.

“அது அக்காவோடதுங்க.”

“சும்மா திருப்பிக் கொடுக்குறதுக்குப் பதிலா விளிம்பை அழகா உருட்டிக் கொடுத்தா அவங்களுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கும்ல?” என்றார். அதில் பாதியை நிறைவேற்றிவிட்டார்.

“அப்ப அடிப்பக்கமாவது ஓட்டுங்களேன்.”

“விடைத்தாள்ல யாராவது அட்டைக்குப் பின்னாடி எழுதுவாங்களா?”

மேசைக்கு நான்கு பக்கம். மிஷினுக்கு ஒரு பக்கம், மிச்சம் ஒரு பக்கம் கூடுதல் தாள். மகளின் ரோஸ் நிற நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினை இவரே பிடித்தார். எனக்குக் கண்காணிப்பாளர் வேலை. கையில் நோட்டு, பேனா. “ஒரு தடவை நான் புடிச்சுப் பார்க்கட்டுமா” என்று கேட்டேன். “உனக்குக் கை நடுங்கும்” என்றார். அன்று காலையில்தான் அக்கா, எட்டு மாதக் குழந்தைக்கு ஒரே குத்தில் நரம்பு பிடித்து ரத்தம் எடுத்துவிட்டு வந்திருந்தேன். நோட்டில் தேதி போட்டேன்.

ஒன்றாம் எண். வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மிஷின் நம்மை எதிர்க்கிற பக்கமாகத்தான் அதைத் தள்ள வேண்டும், அது போகிற பக்கம் விட்டால் நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்பது. “ஏங்க, இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம்” என்றேன். “கண்காணிப்பாளர் ஹால்ல பேசக் கூடாது” என்றார். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மிஷின் ஓடியது. பூனையைப் பார்த்த நாயின் சங்கிலியைப் பிடித்திருப்பவர் போல இவரும் பின்னாலேயே ஓடினார். மூலையில் ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. கடித்தது எந்த மூலை தெரியுமா? எனக்கு ஆறு வயதில் புருவத்தில் தழும்பு போட்ட அதே மூலை. ரத்தம் கொட்ட நான் கத்தியபோது நீ ஓடிவந்து, “மேசைக்கு அடிபட்டுச்சா” என்று தடவிப் பார்த்தாயே, அதே மூலை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி உன் முகம் ஞாபகம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டோம். அந்த ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நேராக அறுத்துக் கொடுத்தார். உடனே மறுதேர்வு. இந்தத் தடவை இவர் பெருந்தன்மையாகத் திசையை மாற்றிக்கொண்டார். ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, குனிந்துகொண்டு மாற்றினார். நின்ற பக்கமும் மாறி, தள்ளுகிற பக்கமும் மாறினால் பழையபடி அதே திசைதானே. மைனஸும் மைனஸும் பிளஸ் என்று இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மிஷின் மறுபடியும் ஓடியது. “அப்பா, மிஷினுக்கு டியூஷன் வைங்க” என்றாள் மகள், அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

இரண்டாம் எண்ணுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் உண்டு, ஒன்றிலிருந்து ஆறுவரை. “முழுத் திறமையும் காட்டட்டும்” என்று ஆறில் வைத்தார். நன்றாகத்தான் போனது. பாதியில் தலைமையாசிரியர் போன் செய்தார். இவர் ஒரு கையால் போனை எடுத்தார். மிஷினை நிறுத்தவில்லை, நகர்த்தவும் இல்லை. “ஆமா சார், சொல்லுங்க சார்” என்கிறார், கத்தி ஒரே இடத்தில் சுற்றுகிறது, புகை வருகிறது. “சார், இங்க ஏதோ கருகுது, அப்புறம் பேசுறேன் சார்.” பல்லி படுத்திருப்பது போல ஒரு கறுப்புத் தழும்பு. தச்சர் வந்தார். இரண்டு விரல்.

இந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டம்மா மேலே ஏறி வந்துவிட்டார். “மாடியில பல் டாக்டர் குடி வந்திருக்காரா?” என்று கேட்டார். இவர் நீச்சல் கண்ணாடியோடு, தலை புருவம் மீசை எல்லாம் மரத்தூளாக, போய் நின்றார். அந்தம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லு இருக்கு, ஆனா வேண்டாம்” என்று இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாம் எண்ணில் பிட்டைக் கவ்வுகிற வாயை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். “போதும், ரொம்ப இறுக்கினா கெட்டுடும்” என்று இவரே சொல்லிக்கொண்டார். ஓட ஓட அது கீழே நழுவியிருக்கிறது. ஆரம்பத்தில் நகக்கீறல் ஆழம், நடுவில் அரை விரல், முடிவில் வாய்க்கால். முக்கால்வாசி தூரத்தில் பேட்டரி தீர்ந்து மிஷின் அணைந்துவிட்டது. ஹாலில் மயங்கி விழுந்த மாணவனுக்கு அனுதாப மதிப்பெண் உண்டா என்று இவர் உண்மையாகவே யோசித்தார். இரண்டு போட்டார். தச்சர் இந்த முறை வாசலிலேயே நின்றார். “சார், எனக்கு வேலை கொடுக்கறீங்க, சரி. ஆனா அந்த மேசையப் பார்த்தா பாவமா இருக்கு. கேள்வியையாவது மாத்துங்க” என்றார். கேள்வி மாறவில்லை. இரண்டு விரல்.

நேற்று முடிவுகள் வெளியாயின. ஒன்றாம் எண் நாற்பத்தொன்றரை. இரண்டாம் எண் நாற்பத்தாறு. மூன்றாம் எண், அனுதாபத்தையும் சேர்த்து, முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு ஐம்பது. “எதுவும் பாஸ் ஆகல. அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று நோட்டை மூடிவிட்டார். மூன்று மிஷினையும் ஓட்டியவருக்கு யாராவது மதிப்பெண் போட வேண்டாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பல வருஷமாக என் நாக்கு நுனியில் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது.

ஆகவே அக்கா, நடந்தது இதுதான். கால்களுக்கு வெளியே பலகை அழகாக நீட்டிக்கொண்டிருக்குமே, இப்போது மூன்று பக்கம் அந்த நீட்டல் இல்லை. பலகையும் காலும் ஒன்றாக நிற்கின்றன, தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்ட பிள்ளை மாதிரி. தப்பு எல்லாம் என்னுடையது. உன் பொருளுக்கு நான்தான் பொறுப்பு. இனி மிஷின் என்ற பேச்சே எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மரவேலை வகுப்பையும் நிறுத்திவிடுகிறேன். மகளுக்கு அலமாரியைக் கடையில் வாங்கிவிடுகிறோம். ஒன்றும் மூன்றும் நேற்றே போய்விட்டன. இரண்டாம் எண்ணைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன், மாலை இவர் கடையில் கொடுத்துவிடுவார். ஞாயிறன்று வா. திட்டு. திட்டி முடித்ததும் மேசையை எடுத்துக்கொண்டு போ. வண்டியில் ஏற்ற நானே ஒரு கால் பிடிக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் இதைப் படித்துச் சிரித்தால் நீயும் கொஞ்சம் சிரித்துவிடு. சின்னவளாகப் பிறந்ததால் நான் உன்னை ஆசீர்வதிக்க முடியாது. உன் ஆசியும் வசையும் ஒரே வாயிலிருந்து வரும் என்று தெரிந்தே இரண்டுக்கும் தலையைக் குனிகிறேன்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையில் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இன்று காலை முதல் வேலையாக மேசையை மூடினேன் என்று எழுதியிருக்கிறேன். அது இரண்டாவது வேலை. இவர் நடைப்பயிற்சிக்குப் படியிறங்கியதும் நான் செய்த முதல் வேலை, இரண்டாம் எண்ணை எடுத்து, பிட்டை நன்றாக இறுக்கி, சக்கரத்தை நாலில் வைத்து, யாரும் தொடாமல் மிச்சமிருந்த நான்காவது பக்கத்தை ஓட்டியது. இடமிருந்து வலம். ஒரே மூச்சு. கை நடுங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழ் வீட்டம்மா, “இன்னிக்கு டாக்டர் சீக்கிரமே வந்துட்டாரா?” என்றார். “வந்துட்டாங்கம்மா” என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினேன். எங்கும் விரல் தடுக்கவில்லை அக்கா. போர்வையால் மூடியது உனக்குப் பயந்து இல்லை, இவர் திரும்பி வந்து அதற்கும் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்றுதான்.

வாசலில் இருக்கும் பெட்டி காலி. மாலைக்குள் நானே கடைக்குப் போய் இரண்டாம் எண்ணை என் பெயரில் வாங்கிவிடுவேன். மற்ற மூன்று பக்கமும் நான்காவது போல ஆக எனக்கு ஒரு சனிக்கிழமை போதும். இன்னொன்று, இவரிடமும் மகளிடமும் இதுவரை சொல்லவில்லை: மேசையை நான் திருப்பித் தரப்போவதில்லை. உனக்குப் புதிதாக ஒன்று செய்து தருகிறேன். ஞாயிறன்று வண்டி வேண்டாம். மேசை போடும் இடத்தின் நீள அகலத்தை மட்டும் எழுதிக்கொண்டு வா. மூலை கூராக வேண்டுமா, உருட்டியா என்று கேட்கமாட்டேன். உருட்டித்தான் வரும்.