தொண்ணூற்றிரண்டு விழுக்காடும் எங்கள் வீட்டு டெலிபோனும்

ஜாலான் பேராக், பினாங்கு
18.6.1998, வியாழன்

மதிப்பிற்குரிய மச்சான் சற்குணம் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்த குற்றத்துக்காக முப்பது வருடமாக உங்களிடம் திட்டு வாங்கிவரும் பிச்சைமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான், புஷ்பவள்ளி, நவமணி மூவரும் நலம். டெலிபோனும் நலம். தாசேக் கெலுகோரில் உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை எழுதிய கடிதம் இன்று காலை வந்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பயத்தோடு, இரண்டாம் தடவை கண்ணாடியோடு, மூன்றாம் தடவை கோபத்தோடு. பெண் பார்க்க வந்தவர்களை நாங்கள் அவமானப்படுத்திவிட்டோமாம். அதனால் பாகான் டாலாமில் மாப்பிள்ளை வீட்டார் ரிசீவரையே கீழே எடுத்து வைத்துவிட்டார்களாம், இரண்டு நாளாக நீங்கள் எப்போது அடித்தாலும் 'ஙொய்' என்கிறதாம். சனிக்கிழமைக்குள் நவமணி அந்த வெள்ளைக்காரர்களுக்கு எழுதி, அவர்களுடைய கணினி வேலையிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் இந்தச் சம்பந்தமும் இல்லை, இனி வேறு சம்பந்தம் பார்க்க நீங்களும் இல்லையாம். மச்சான், என் பதில் ஒரே வரி. எடுக்க மாட்டாள். நானும் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரே வரி என்று சொல்லிவிட்டாலும் தாள் நிறைய இடம் இருப்பதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அவள் என்னதான் செய்கிறாள் என்று நீங்கள் கேட்டதே இல்லை, நான் கேட்டேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கணினியைத் தொட்டால் எனக்கும் அதற்கும் ஒருசேரக் காய்ச்சல் வரும். ஆனாலும் எனக்குப் புரிந்தது. உலகம் முழுக்க நிறையப் பேர் சேர்ந்து ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் எவரோ எங்கோ உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதுகிறார். அது இதில் அப்படியே ஏறாது. நவமணி அதைப் பிரித்து, உடைந்த இடத்தை ஒட்டி, உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டு, வழியில் எவனாவது கை வைத்தால் தெரிகிற மாதிரி ஒரு முத்திரை எண் வைத்து, மறுபடி கட்டி அனுப்புகிறாள். அவள் 'பேக்கேஜ்' என்பாள், நான் பொட்டலம் என்பேன். அவள் பொறுப்பில் ஏழு பொட்டலம். அதில் ஒன்று திரையில் தமிழ் எழுத்து காட்டுவது, கனடாவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியது. ஒவ்வொன்றிலும் பொறுப்பாளர் என்ற இடத்தில் நவமணி பிச்சைமுத்து என்று இருக்கிறது. பிச்சைமுத்து யார் மச்சான்? துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக நின்று, ஊரான் சரக்கை எண்ணி எண்ணிக் கோடு போட்டவன். அந்தச் சரக்குப் பெட்டிகளில் இருந்த சார்டின் மீன் டப்பா ஒன்றைக்கூட நான் செய்ததும் இல்லை, தின்றதும் இல்லை. ஆனால் பெட்டி உடைந்து வந்தால் கையெழுத்து என்னுடையது. இதுவும் அதே வேலைதான். இது விளங்க எனக்கு மூன்றாம் படிவம் போதுமானதாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்குக் கதை சொன்னது மாப்பிள்ளையின் தாய்மாமன், அவர் சொன்னதில் பாதிதான் உண்மை, மீதி உண்மை அதைவிட மோசம். நாலு மணிக்கு வருவதாக இருந்தவர்கள் பத்து மணிக்கே வருகிறார்கள் என்று சொல்ல நீங்கள் எட்டு மணியிலிருந்து பதினோரு தடவை அடித்தீர்கள், கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், தமிழ் எழுத்துப் பொட்டலத்தின் புதுப் பதிப்பு கனடாவிலிருந்து காலை ஆறு மணிக்கே எங்கள் டெலிபோன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்துவிட்டது. புஷ்பவள்ளி பசாருக்குப் போயிருந்தாள். நான் கைலியோடு கூடத்தில் மண்டியிட்டிருந்தேன். ஏன் மண்டியிட்டேன் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு எதிரி இருக்கிறான். பெயர் போட மாட்டான், ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும்தான். வாரம் ஒரு தடவை நவமணிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போடுவான், முதல் வரியே 'ஸ்டில் நாட் வொர்க்கிங்'. வணக்கம் இல்லை, நலமா இல்லை. நம்ம ஆளாக இருந்தால் உங்க அப்பாவுக்கு உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பான், ஆகவே ஏதோ பனி கொட்டும் தேசத்துக்காரன் என்று முடிவு செய்து, அவனுக்கு நாட்வொர்க்கிங் துரை என்று நானே பெயர் வைத்தேன். பொட்டலத்தை நீக்கிய பிறகும் ஏதோ ஒரு கோப்பு தங்கிவிடுகிறது என்பது துரையின் கடைசிக் குறை. நவமணி தேடிப் பார்த்துச் சலித்துப்போனாள். கொண்டா இங்கே என்றேன். போடுவதற்கு முன் ஒரு பட்டியல், எடுத்த பின் ஒரு பட்டியல், முப்பத்தொரு தாள் அச்சடிக்கச் சொல்லி, தரையில் விரித்து, நாலு கோடும் குறுக்கே ஒரு கோடுமாகத் துறைமுகக் கணக்கில் எண்ணிக்கொண்டே பதினாலாவது தாளுக்கு வந்திருந்தேன். அந்தத் தாளின் மேல் ஒரு செருப்பில்லாத கால் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஜெயலெட்சுமி. நான் அவர்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை, "வாங்கம்மா" இல்லை. "பதினாலு மேல நிக்காதீங்க, எண்ணிக்கை போயிரும்." இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அவர்களைத் தாள் இல்லாத பக்கமாக உட்காரவைத்தேன், அதாவது சமையலறை வாசலில். தாய்மாமனுக்கு விஷயத்தை விளக்கினேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்: "ஏழு பொட்டலத்துக்கும் சேத்து என்னா குடுக்கிறானுங்க?"

"ஒன்னும் குடுக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குலா பொண்ணு கஷ்டப்படுது? பைத்தியமா?"

இந்த இடத்தில்தான் நான் உங்களை இழுத்தேன் மச்சான், மன்னிக்க வேண்டாம். "தாசேக் கெலுகோர்ல எங்க மச்சான் பன்னெண்டு வருஷமா தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல் போடுறாரு. ரோஸ் தண்ணி குடிச்சவன் எவன்கிட்டயும் பில் நீட்டுனதில்ல. அவரு பைத்தியமான்னு போய்க் கேட்டுட்டு வாங்க, அப்புறம் எம் மகளைக் கேக்கலாம்" என்றேன். அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டார். நீங்களும் யோசியுங்கள். இந்த வருடம் பதாகையில் உங்கள் பெயரை இரண்டாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று பந்தல் தலைவரோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர் நீங்கள். அப்படிப்பட்ட நீங்கள் என் மகளைப் பெயரை எடு என்கிறீர்கள்.

தாங்கள் வந்து சேர்ந்துவிட்டதை உங்களுக்குச் சொல்லத் தாய்மாமன் எழுந்துபோய் எங்கள் ரிசீவரைத் தூக்கினார். காதில் கீச்சென்றதும் பாம்பைத் தொட்டவர் மாதிரி வைத்துவிட்டார். வைத்து என்ன பயன், தூக்கியதுமே கனடா லைன் அறுந்துவிட்டதே? உள்ளேயிருந்து நவமணி வந்தாள். தட்டோடு இல்லை, பூவோடு இல்லை, தலையில் துண்டோடு. "யாரு போனைத் தூக்குனது?" என்று மொத்தக் கூட்டத்தையும் பார்த்துக் கேட்டாள். நாலு மணி நேரமாக வந்தது அத்தனையும் போச்சு. அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை வாசு மட்டும், "எவ்வளவு வந்திருந்துச்சு?" என்று கேட்டான்.

"தொண்ணூத்திரெண்டு பெர்சென்ட்" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்தவன் உழைப்பு வீணாய்ப்போகும்போது புள்ளிவிவரம் கேட்கிற பயலுக்கா என் பெண்? சரியாக அந்த நேரத்தில் புஷ்பவள்ளி ஒரு கையில் மல்லிகையும் மறு கையில் இறாலுமாக நுழைந்து, இறால் கையால் அவர்களைக் கும்பிட்டாள். கேசரி கிண்டுவதற்குள் அவர்கள் ஃபெரிக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு மதியமே அதே பதினாலாவது தாளில், கால் தடத்துக்குக் கீழேயே, பட்டியலில் ஏறாத அந்த ஒரு கோப்பைப் பிடித்தேன். நவமணி சரிசெய்து அனுப்பினாள். துரையிடமிருந்து இரண்டு வார்த்தை வந்தது, 'வொர்க்கிங் நவ்'. நன்றிகூட இல்லை. இருந்தாலும் மச்சான், ஓய்வு பெற்ற பிறகு என் எண்ணிக்கை சரி என்று ஒருவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பை இறக்க அவள் மறுபடி இரண்டு தடவை முயன்றாள். ஒரு தடவை இடி விழுந்து அறுந்தது. இன்னொரு தடவை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நானே மறதியாக ரிசீவரைத் தூக்கிவிட்டேன். என் மன்னிப்பால் வீட்டுக்கு நஷ்டம்தான் என்று தெரிந்துவிட்டதால் இனி கேட்பதாக இல்லை.

ஆக, நவமணியின் பெயர் இருக்கும் இடத்திலேயே இருக்கும். பகலில் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் சம்பளத்துக்கு உழைக்கிறாள், சாயங்காலம் தன் இஷ்டத்துக்கு உழைக்கிறாள், அதில் யாருக்கும் பாக்கி இல்லை. டெலிபோன் இருக்கும். பாகான் டாலாம்காரர்கள் ரிசீவரை எத்தனை நாள் வேண்டுமானாலும் கீழே வைத்திருக்கட்டும், இனி அந்த வீட்டு ஆள் எவனும் என் வாசற்படியை மிதிக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
பிச்சைமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன், ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கும். சாயங்காலம் அஞ்சரைக்கு வாசலில் வாசு. பூ இல்லை, பழம் இல்லை, கையில் ஒன்பது டிஸ்கெட். "ஞாயித்துக்கெழமை எங்க மாமா கெடுத்தது மாமா, முழுசா எறக்கிக் கொண்டாந்திருக்கேன்" என்றான். அவர்கள் ரிசீவரைக் கோபத்தில் கீழே எடுத்து வைக்கவே இல்லையாம் மச்சான். நாலு நாளாக இதைத்தான் இறக்கியிருக்கிறான், நடுவில் அவன் அம்மா அஞ்சு தடவை ரிசீவரைத் தூக்கினார்களாம். பிறகு நவமணியிடம் தலையைக் குனிந்துகொண்டே, 'ஸ்டில் நாட் வொர்க்கிங்' என்று எழுதுவது தான்தான் என்றான். அவன் தலை குனிந்தால் அது சிரிப்பு இல்லை, சுபாவம் என்று இப்போது தெரிகிறது. ஏன் தம்பி ஒரு வணக்கம் போடக்கூடாதா என்று கேட்டேன். வாசற்படியிலேயே வணக்கம் சொல்லிவிட்டு, என் உடம்பு எப்படி என்று விசாரித்தான்.

ஆகவே மேலே எழுதியதில் தண்ணீர்ப் பந்தலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடவும், நல்ல நாள் பார்க்கவும். அவசரம் இல்லை. ஒன்பது டிஸ்கெட்டில் ஏழாவது கெட்டுப்போயிருக்கிறது, நாளைக்கு வேறு கொண்டுவர வேண்டும் என்று நவமணி அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஏழாவது நன்றாகத்தான் இருந்தது, திரையில் அது திறந்ததை நானே பார்த்தேன். கெட்டதுதானேப்பா என்று என்னைக் கேட்டாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பெட்டிக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவன் மச்சான், ஆமாம்மா, கெட்டதுதான் என்று சாட்சி சொல்லிவிட்டேன்.