மருமகளை வரவேற்க நான் அடித்த தப்பு

மனிதனாகப் பிறந்தவன் தப்பு செய்வான். அதை உலகம் எப்படியாவது மன்னித்துவிடும். நான் தப்பு செய்யவில்லை, தப்பு அடித்தேன். அதை எங்கள் தேயிலைத் தோட்டம் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்றால் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிக்கிற தோல்மேளம். திருவிழாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளை பேசப் பழகுவதற்கு முன்பே எந்த அடி எதற்கென்று தெரிந்துகொள்ளும். எனக்கும் தெரியும், காதுக்கு. கைக்குத் தெரியுமா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது நான் கொட்டகலை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தேன். உடைந்த கண்ணாடி மாற்றுவது, ரீலோட் போடுவது, முதலாளி இல்லாத நேரத்தில் முதலாளியின் கதிரையில் உட்காருவது. இந்தத் தகுதிகளோடு என்னை நானே 'மீடியா ஆள்' என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. என் அக்கா பத்மாவின் மகள் நிரோஜினி லயத்து வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடியதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டது நான்தான். (கை ஆட்டத்தில் பாதிப் படம் வாளிதான் தெரியும். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.)

அந்தப் பாட்டு நாடெல்லாம் ஓடியது. கொழும்பிலிருந்து டீவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பாட்டுப் போட்டி, மேடை, விளம்பரம் என்று ஒரே வருடத்தில் எங்கள் நிரோஜினி 'நிரோ' ஆகிவிட்டாள். வயது பதினாறு. றொசல்ல பக்கம் பஸ்ஸில் போனால் யாராவது ஒருவருடைய போனில் அவள் பாடிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்து சீட்காரரிடம், "நம்ம மருமகதான்" என்பேன். அவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இவ்வளவு புகழிலும் ஒரு முள் இருந்தது. போட்டி நடந்த மாதமும் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை நடந்த மாதமும் ஒன்றாகிவிட்டன. நிரோ பரீட்சை எழுதாமல் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காவுக்கு ஒரே கனவு, மகள் டீச்சராகி, சாரி கட்டிக் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வேண்டும் என்பது. அது போயிற்று.

"பரீட்ச எழுதாதவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொன்னாள் அக்கா. சொன்னதோடு மகளுடன் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நிரோ போன் எடுத்தால் அடுப்படியில் மணி அடிக்கும், அக்கா பருப்பைக் கடைந்துகொண்டே இருப்பாள். டீவியில் மகள் வந்தால் எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போடுவாள். அந்தக் கோழிகள் அந்த வருடம் நன்றாகக் கொழுத்தன.

இந்த நேரத்தில்தான் நிரோவைப் பற்றிப் படம் எடுக்க ஒரு குழு கிளம்பியது. கொழும்பில் நடந்த அவளுடைய பெரிய கச்சேரி பாதி, அவள் வளர்ந்து வந்த கதை பாதி என்று திட்டம். டைரக்டர் அசங்க, சிங்கள இளைஞர், தங்கமான மனிதர், தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுவார். கச்சேரியை எடுத்து முடித்துவிட்டு எனக்குப் போன் போட்டார். என்னை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம்.

"மல்லி, அம்மா இல்லாம படம் எப்படி? மகள் வீட்டுக்கு வாறது, அம்மா கட்டிப் பிடிக்கிறது, அது வேணும்."

"அதெல்லாம் அக்கா ரெடிங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன். (அக்காவிடம் நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும்.)

அடுத்து நிரோவே பேசினாள். "மாமா, படம் வந்தாலும் வராட்டியும் பரவால்ல. அம்மா என்கூட ஒரு வார்த்த பேசுனா போதும்." குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்ட உருக்கத்தில்தான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது.

யோசனை இதுதான். படப்பிடிப்பு நாளில் அக்கா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். மகள் வந்திருக்கிறாள் என்று ஆள் அனுப்பினால் வரமாட்டாள். ஆனால் லயத்துப் பக்கம் தப்புச் சத்தம் கேட்டால்? என்ன விசேஷம் என்று பார்க்காமல் இருக்க எந்த மனுஷியால் முடியும்? எட்டிப் பார்ப்பாள், மகள் மாலையும் கழுத்துமாக நிற்பாள், பெற்ற மனம் உருகும், கேமரா ஓடும்.

முனியாண்டி அண்ணனிடம் சொல்லி வைத்தேன். எங்கள் தோட்டத்தில் தப்பு என்றால் அவர்தான். படப்பிடிப்பு அன்று காலையில் பார்த்தால் அவர் வீடு பூட்டியிருந்தது. திம்புள்ள பக்கம் ஒரு தோட்டத்தில் யாரோ தவறிவிட்டதாக விடியவே கூட்டிப் போய்விட்டார்களாம். கோயில் அறையில் இன்னொரு தப்பு தொங்கியது. வேன் ஏற்கனவே கீழ் றோட்டில் வந்துவிட்டது. தப்பை எடுத்துத் தோளில் மாட்டினேன். சின்ன வயதில் தகரத்தில் அடித்துப் பழகிய கைதானே என்று ஒரு தைரியம். எந்த ஊர்வலத்தின் பின்னால் ஓடித் தகரம் அடித்தோம் என்பதை அந்த நேரத்தில் நான் யோசித்திருக்க வேண்டும்.

வேன் கதவு திறந்து நிரோ இறங்கினாள். பெரிய மல்லிகை மாலையைப் போட்டேன். அசங்க கேமராவுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினார். திருவிழா அடியை ஆரம்பித்தேன். இரண்டு குச்சியும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன.

"ஹெமின் மல்லி, ஹெமின்!" என்றார் அசங்க. மெதுவாக அடிக்கச் சொல்கிறார். உருக்கமாக இருக்க வேண்டுமாம்.

மெதுவாக அடித்தேன். உடனே கை தனக்குப் பழகின வழியில் தானாக இறங்கிவிட்டது. ஆஹா, எவ்வளவு சுத்தமாக விழுகிறது! எனக்கே ஆச்சரியம். முகத்தின் எந்தப் பக்கம் கேமராவுக்கு எடுப்பாக இருக்கும் என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. காதை நான் அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

முதலில் மேல் லயத்துக் கதவுகள் திறந்தன. ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். "யாருப்பா போயிட்டாங்க?" என்று அடுத்த வீட்டில் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு அவர்களும் இறங்கினார்கள். ஆட்கள் திரள்வதைப் பார்த்த அசங்க, நிரோவின் ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டு, "நியமை! நியமை!" என்று குதூகலித்தார். பிரமாதம் என்று அர்த்தம்.

ஒப்பாரிக்குப் பேர்போன செல்லம்மா அக்கா, செத்தது யார் என்று விசாரித்து நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டார்:

"வாசலுக்கு வந்த மயிலே
வழி மறந்து போனியோ..."

"இது என்ன பாட்டு, மல்லி?" என்றார் அசங்க, கண்ணில் ஈரத்தோடு.

அப்போதுதான் என் காது வேலைக்கு வந்தது. நான் அடித்தது சுத்தமான சாவு அடி. இருந்தாலும் மீடியா ஆள் இல்லையா? "வரவேற்புப் பாட்டுங்க" என்றேன். அசங்கவின் உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

மலையில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். சாவு அடி கேட்டதும் கங்காணி வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறார்கள். "பத்மா, ஒங்க லயத்துப் பக்கந்தான் கேக்குது" என்று ஒருத்தி சொன்னாளாம். அன்று நிரோ வேனில் வருகிறாள் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். கோழிகளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த அக்காவுக்கும் தெரிந்துதான் இருந்தது. எங்கள் றோட்டின் வளைவுகளும் அவளுக்குத் தெரியும்.

அக்கா கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில், இடுப்பில் கட்டிய படங்குத் துணி கிழிய, கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு கையிலேயே இருக்க, "ஏ ஆத்தா நிரோ! எம் மகளே!" என்று மலையே அதிரக் கத்திக்கொண்டு வந்தாள். அவளுடைய அந்தச் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என் கையிலிருந்த குச்சிகள் கீழே விழுந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு முதலில் வருவதில்லை.

வாசலுக்கு வந்தவள் முதலில் பார்த்தது மாலையை. அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மாலைக்கு மேலே முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா..." என்றாள் நிரோ.

அக்கா கிட்டே போய் மகளின் கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், தோளை உலுக்கிப் பார்த்தாள். "உசுரோடதான் இருக்கியா?" என்றாள்.

"உசுரோடதான் இருக்கேன்மா."

பளார் என்று ஓர் அறை. அடுத்த நொடியே இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வருடம் அடக்கி வைத்த பேச்செல்லாம் ஒன்றாக வந்தது. இளைச்சிட்டியே, தலைக்கு எண்ணெய் வைக்கிறதில்லையா, அங்க என்னத்தத் திங்கிற. நிரோவும் அழுதாள். கேமராக்காரர் அழுதார். யாரும் சாகவில்லை என்று தெரிந்த செல்லம்மா அக்கா, பாதியில் நிறுத்திய ஒப்பாரியை என்ன செய்வது என்று தெரியாமல் அழுதார்.

பிறகு அக்கா மெல்லத் திரும்பினாள். என் தோளில் தொங்கிய தப்பைப் பார்த்தாள்.

"எம் புள்ளைய ஏன்டா கொன்ன?"

நான் ஓடினேன். கோயிலைச் சுற்றி, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா வழியாக, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை. தப்பு முதுகில் இடித்து இடித்துத் தானாகச் சத்தம் போட்டது. (அதுவும் சாவு அடியாகத்தான் கேட்டது.) மட்டக்கம்பு எத்தனை தடவை பட்டது என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அசங்க கேட்டார், "இது என்ன, மல்லி?"

"தாய்மாமன் சடங்குங்க" என்றேன்.

படம் வெளிவந்தது. கொழும்பில் முதல் காட்சியில், மகளின் வெற்றியைக் கேட்ட ஆனந்தத்தில் தாய் தேயிலை மலையிலிருந்து ஓடி வரும் காட்சியில் அழாதவர்களே இல்லை என்று அசங்க போனில் சொன்னார். அறையை மட்டும் வெட்டிவிட்டாராம். மேளத்தை வெட்டவில்லை. அதுதான் படத்தின் உயிர் என்றார்.

பிறகு அட்டனில் ஒரு மண்டபத்தை எடுத்து எங்கள் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தோட்டமே பஸ் பிடித்து வந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டாரையும் நான் அழைத்திருந்தேன். மாப்பிள்ளை சினிமாவில் வருகிறார் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். இஸ்திரி போட்ட சேட்டோடு வருங்கால மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபக்கம் அக்கா.

கச்சேரியில் நிரோ பாடினாள், எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து எங்கள் லயம் வந்தது. திரை நிறைய நான். என் முகத்தின் எடுப்பான பக்கம். 'மலையகத்தின் மகிழ்ச்சி மேளம்' என்று கீழே எழுத்து ஓடியது.

பின்வரிசையில் முனியாண்டி அண்ணன் எழுந்து நின்றார்.

"அடேய், அது சாவு அடிடா!"

அதற்குப் பிறகு படத்தில் என்ன வசனம் என்று யாருக்கும் கேட்கவில்லை. செல்லம்மா அக்காவின் ஒப்பாரிக்குக் கீழே 'வரவேற்புப் பாடல்' என்று வந்தபோது கதிரைகள் ஆடின. கொழும்பே கண்ணீர்விட்ட காட்சியில் எங்கள் தோட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்போடு அக்கா என்னைத் துரத்தும் இடத்தில் 'தாய்மாமனுக்குச் செய்யும் மரியாதை' என்று எழுத்து வந்தது. வருங்கால மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதிரைக்கு அடியில் விழுந்த எதையோ தேடிக்கொண்டிருந்தேன். கடைசிவரை அது கிடைக்கவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய. அதில் சிரிப்பு எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மட்டக்கம்பு வீட்டில் பத்திரமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், மணவறையைச் சுற்றி மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் எந்த மேளமும் இருக்கக் கூடாது. இன்றைக்கும் நான் தோட்டத்துக்குள் நுழைந்தால் படியில் உட்கார்ந்திருக்கிற யாராவது, "வாங்க தம்பி, யாருக்கு?" என்று விசாரிப்பார்கள்.

நிரோ பிறகு பரீட்சை எழுதினாள், தேறினாள். (சங்கீதத்தில் மட்டும் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். அதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை.) இப்போது வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கெல்லாம் போகிறாள். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் போன் அக்காவுக்குத்தான். அடுப்படியில் மணி அடித்தால் அக்கா பருப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எடுப்பாள். ஹலோ என்று இரண்டு பேரும் சொல்வதில்லை.

"உசுரோடதான் இருக்கேன்மா" என்பாள் நிரோ.

"சரி. சாப்பிட்டியா?" என்பாள் அக்கா.