லிபின் குளியலறை புகுந்த படலம்

வாழ்க லிபின்! நிக்டி நகரின் நான்காம் மாடிக் கொற்றவன். ஹிஞ்சேவாடிக் கணினிக் களங்களில் பிழை பல கொன்ற விரலன். முப்பது வயதைத் தாண்டியபின் மருத்துவர் கையால் ஏடிஎச்டி என்னும் கவனச்சிதறல் பட்டம் சூடியவன். தொடங்கியதை முடிக்காதவன், முடிக்கவேண்டியதைத் தொடங்காதவன். வியாழன் முதல் நீர் காணாத மேனியன்! ஞாயிறு காலையில் அவன் நிகழ்த்திய பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். ஷாம்பு நுரையே, எம் நாவில் வந்து பொங்குவாயாக!

போரின் காரணம் கேளீர். அன்று ஒன்பது மணிக்குக் கட்கி தேவாலயத்தில் அவன் அக்காள் அலினாவின் மகனுக்கு ஞானஸ்நானம். குழந்தையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தகப்பன் லிபின். "லேட்டா வந்தேன்னு வை, உன் இடத்துல ஆபிரகாம் மாமா நிப்பாரு. அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்று அக்காள் முந்தைய நாளே முரசறைந்துவிட்டாள். எவர் தோளிலும் வீறிட்டழும் அப்பிள்ளை லிபினின் தோளில் மட்டுமே உறங்கும். அந்தப் பெருமையை ஆபிரகாம் மாமாவின் கரங்களில் ஒப்படைப்பதா?

ஆயினும் எதிரே நின்றதோ குளியலறை. அவனைத் தடுத்தது சோம்பலன்று. சோம்பேறிக்குப் படுக்கை இனிக்கும், இவனுக்கோ முள்ளாய்க் குத்திற்று. "எழு!" என்று கால்களுக்கு ஆணையிட்டான், கால்கள் அவ்வாணையைப் பணிவுடன் பெற்றுக் கிடப்பில் போட்டன. பிறர் ஒரு சொல்லால் குளியல் என்று கடந்துபோவது அவன் கண்ணுக்கு, ஆடை களைதல், கீசர் போடுதல், சில்லென்ற தரை மிதித்தல், நனைதல், தேய்த்தல், துவட்டுதல், துவட்டியபின்னும் முதுகில் ஒட்டும் ஈரத்தைப் பொறுத்தல் என மதிலுக்குப் பின் மதிலாக எழுந்து வானை மறைத்தது.

அவ்வேளை முழங்கியது கைபேசி என்னும் சங்கு. லோஹேகாவிலிருந்து ஃபேபியோலா! கல்லூரித் தோழி, அதே பட்டம் சூடிய அதே குலத்தாள், எச்சில் பாத்திரக் குன்றின் அடிவாரத்தில் திகைத்து நிற்பவள். தனித்திருந்தால் இருவருக்கும் கை ஓடாது. மறுமுனையில் ஓர் ஆள் இருந்தால் ஓடும். ஆகவே ஞாயிறுதோறும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவன் குளிப்பது, அவள் பாத்திரம் கழுவுவது என்பது இரு நாட்டு உடன்படிக்கை.

"எழுந்தியாடா?"

"எழுந்துக்கிட்டே இருக்கேன்."

"கீசர் போட்டியா?"

"போட்டேன். அந்தச் செவப்பு லைட்டு ஏன் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு படிச்சிட்டிருந்தேன். சூப்பரா இருக்கு ஃபேபி, உள்ள ஒரு கம்பி..."

"அரே, கம்பியும் வேணாம், குளிக்கவும் வேணாம். ஒரே ஒரு மக் தண்ணி. தலையில ஊத்து. புடிக்கலன்னா வந்துடு."

ஆகா, என்ன சூழ்ச்சி! குளியல் என்னும் பேரரசின் முன் நடுங்கியவன் ஒரு மக் தண்ணீருக்கா அஞ்சுவான்? எழுந்தான், சட்டையை எறிந்தான், பிளாஸ்டிக் பேராயுதத்தை ஏந்தினான், கார்மேகம் குன்றின்மேல் கவிழ்ந்தாற்போல் தன் தலைமேல் தானே கவிழ்த்தான். முதல் மக்கிற்கு வியாழனின் அழுக்கு வீழ்ந்தது. அடுத்ததற்கு வெள்ளியின் வியர்வை புறமுதுகிட்டது. சோப்பு நுரை வெண்கொடியாய்ப் பறக்க, சாக்கடைத் துவாரம் பகைவர் குருதியைப் பருகியது!

ஐயகோ! உள்ளே புகமாட்டேன் என்றவன் இப்போது வெளியே வரமாட்டேன் என்றான். வெந்நீர் அவனை மயக்கிற்று; பாடினான், அனுபல்லவியையும் விடாமல்.

"மணியப் பாருடா எரும!"

"இன்னும் ஒரே ஒரு மக்!"

"அத நான்தானடா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்!"

இறுதியில் கீசரின் வெந்நீர் வற்ற, குளிர்நீர் என்னும் கொடுங்காவலன் அவனைப் பிடரியில் தள்ளி வெளியேற்றினான். துண்டைச் சுற்றிய வெற்றிவீரன் ஒரு கணம் இளைப்பாறக் கட்டிலில் அமர்ந்தான். அக்கணத்தினுள் ஆக்டோபஸின் இதயங்களைப் பற்றிய நீண்டதொரு கட்டுரை நுழைந்தது. எச்சரிக்க வேண்டிய ஃபேபியோலாவோ, ஒரு கரண்டியைக் கழுவிவிட்டு மசாலா டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உடன்படிக்கையின் இரு முனைகளிலும் பேரமைதி நிலவியது.

"ஃபேபி! மணி பத்து!"

பறந்தான் லிபின்! தலையிலிருந்து நீர் சொட்ட, பொத்தான்கள் தத்தம் துளை மாறி நிற்க, பழைய மும்பைச் சாலையின் டெம்போக்களையும் ஷேர் ஆட்டோக்களையும் பிளந்து, யானைப்படையினூடே தனிக்குதிரை ஓட்டும் தளபதியெனப் பைக்கில் விரைந்து ஆலய வாயிலை அடைந்தான். அந்தோ, ஆராதனை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர்! புது சூட்டில் ஆபிரகாம் மாமா மலைபோல் நின்றார். வாழ்நாளெல்லாம் தாமதித்த பாவங்கள் ஒருங்கே திரண்டு நெஞ்சில் அறைய, அக்காளின் முன் தலைகவிழ்ந்தான் தோற்ற மாவீரன்.

"அட, சீக்கிரமே வந்துட்டியே!" என்று அலினா, வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை அவன் ஈரத் தோளில் போட்டாள்.

கலைந்தது வழக்கமான காலை ஆராதனைக் கூட்டம்; ஞானஸ்நானம் பதினொரு மணிக்குத்தான். அவனிடம் மட்டும் ஒன்பது என்று சொல்லியிருந்தார்கள்.