கொடியின் கடைசியில் ஒரு பனியன்

"இது எதிர்வீட்டுக்காரரோட பனியன்தானே?"

மனைவி இப்படிக் கேட்டபோது டிராயிங் சார் ஏணியின் மூன்றாவது படியில் நின்று படத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். கண்காட்சி திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"எந்தப் பனியன்?"

"கொடியில கடைசியாத் தொங்குதே, அக்குள்ள ஓட்டையோட. எனக்குத் தெரியாதா? தினமும் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாக்கறேனே."

"படம் முழுக்கவே எதிர்வீட்டுத் துணிதான். அதுல பனியனும் ஒண்ணு. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா? அவங்க சாயங்காலம் குடும்பத்தோட வர்றாங்க. நேத்து கடையில பாத்தப்ப அந்தம்மாவே சொன்னாங்க."

சார் ஏணியிலிருந்து இறங்கி, ஏணியையே பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பானையும் பூந்தொட்டியும் வரையச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் முதன்முறையாகத் தெருமுனை நூலகத்தின் மாடிக்கூடத்தில் சொந்தப் படங்கள் பதினான்கை மாட்டியிருக்கிறார். அதில் பதின்மூன்று சுமார். மற்றவர்கள் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். பதினான்காவதுதான் படம். எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடி: ஒரு பச்சைப் போர்வை, இரண்டு துண்டு, கட்டம் போட்ட ஒரு சட்டை, குழந்தையின் மஞ்சள் கவுன், கடைசியில் அந்தப் பனியன். காலை வெயில் பனியனின் ஓட்டை வழியாகப் புகுந்து பின்சுவரில் ஒரு காசளவுக்கு விழும். அந்தக் காசளவு வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அவருக்கு ஏழு மாதம் ஆனது. இத்தனை வருடத்தில் தான் ஓவியன்தான் என்று அவர் நம்பியது அந்த ஓர் இடத்தைப் பார்த்துத்தான்.

சார் மெதுவாக வரைகிறவர். மனதிலிருந்து வரைவதெல்லாம் அவருக்கு வராது. பொருள் கண்ணெதிரே இருக்க வேண்டும். நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு எதிர்வீடு மாதிரி ஒரு வீடு வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம். முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள் துணிகள் இடம் மாறித் தொங்கின. சார் ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, தூரிகையை வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் பச்சைப் போர்வை பழைய இடத்துக்கு வந்திருந்தது. அதற்கப்புறம் எதுவும் மாறவில்லை. தூறல் போட்ட நாளில்கூட அதே ஆறு துணி, அதே வரிசை.

"பாவம், மாத்துத் துணி இல்லாத குடும்பம்" என்று கணவனும் மனைவியும் முடிவுகட்டினார்கள். குழந்தை மாதாமாதம் வளர்ந்தது, மஞ்சள் கவுன் வளரவில்லை. மனசு கேட்காமல் மனைவி ஒருநாள் சாரின் பழைய சட்டை இரண்டைத் துவைத்து மடித்து எடுத்துப்போய் எதிர்வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தச் சட்டைகள் ஒருநாளும் கொடிக்கு வரவில்லை.

"ரோஷக்காரங்க" என்றாள் மனைவி, மரியாதையாக.

அந்த ரோஷக்காரர்கள்தான் இன்று சாயங்காலம் வரப்போகிறார்கள்.

"யோசிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. "நாலு பேர் முன்னாடி அவங்களோட கிழிசலச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கீங்க. என் ஓட்டைப் புடவைய எவனாவது இப்படி மாட்டினா நான் சும்மா இருப்பேனா?"

சார் கீழே இறங்கி நூலகரிடம் போனார். நூலகர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிப் பார்க்கிற அம்மாள். இந்தக் கண்காட்சிக்காக ஓடியாடியவர்.

"மேடம், அந்தத் துணி காயற படத்தை எடுத்துடலாமா?"

"எடுக்கறதா? அழைப்பிதழ்ல அதைத்தானே போட்டிருக்கோம்! தெரு முழுக்க வீட்டுக்கு வீடு குடுத்தாச்சு."

அழைப்பிதழில் படம் தபால்தலை அளவுதான் இருந்தது. ஓட்டை தெரியவில்லை, பனியனே சரியாகத் தெரியவில்லை. அந்த மட்டில் தப்பித்தோம் என்று சார் மூச்சு விட்டார்.

எடுக்க முடியாவிட்டால் ஒளித்துவைக்கலாமே. படத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் கூடத்தின் கோடியில், பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த மூலையில், தூணுக்குப் பின்னால் மாட்டினார். மாட்டிவிட்டுத் திரும்பினால் நூலகர் நிற்கிறார்.

"அடடா! மத்ததோட கலக்காம இதைத் தனியா வெச்சுட்டீங்களே! எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. கலைஞன் கலைஞன்தான்."

அதோடு விட்டாரா? நாற்காலிகளை அப்புறப்படுத்தினார். தன் மேசை விளக்கைக் கொண்டுவந்து, படத்தின் மேல், அதுவும் சரியாகப் பனியன் மேல் விழும்படி வைத்துவிட்டுப் போனார். பனியன் ஜொலித்தது.

"இப்ப ஓட்டை வாசல்லேருந்தே தெரியுது" என்றாள் மனைவி.

சார் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெயின்ட் பெட்டியை எடுத்துவந்தார். திறக்க ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டால் போதும். வெள்ளையில் துளி சாம்பல் கலந்து அடைத்தார். பின்சுவரில் இருந்த காசளவு வெளிச்சத்துக்கு இப்போது வேலையில்லை. அதையும் அழித்தார். ஏழு மாதம் நாலு இழுப்பில் போய்விட்டது.

"இப்போ எப்படி இருக்கு?"

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அந்தத் தொங்கிப்போன கழுத்து அவரோடதுதான். பாத்த உடனே சொல்லிடலாம். ஓட்டைய மட்டும் நாம தைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு. இது இன்னும் அவமானம்."

கழுத்தை ஏற்றினார். பனியன் சட்டையாயிற்று, ஆனால் கை இல்லாத சட்டை. கை வைத்தார். ஒரு கை நீளமாகிவிட்டது, யாரோ வழி காட்டுவதுபோல் இருந்தது. நீளக் கையை மறைக்கத் துண்டாக்கினார். துண்டு ஏற்கெனவே இரண்டு இருந்தது, மூன்றாவது பொருந்தவில்லை. கடைசியில் நீலத்தை அள்ளிப் பூசி, ஒரு போர்வையை மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டார். போர்வை என்று சொன்னால்தான் அது போர்வை. சொல்லாவிட்டால் சுவரில் நீலமாக ஒரு கதவு.

"இது யாரோடதும் இல்ல" என்றாள் மனைவி நிம்மதியாக.

"ஆமா" என்றார் சார். "என்னோடதும் இல்ல."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

பெயின்ட் காயவில்லை. நூலகர் அதைப் பார்த்துவிட்டு, "ஈரம்! தொடாதீர்கள்!" என்று பெரிய எழுத்தில் எழுதி அருகே ஒட்டினார். அதைவிடக் கெடுதல் வேறில்லை. கதவு திறந்த பத்தாவது நிமிடத்தில் பதின்மூன்று படங்களுக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. கூட்டம் மொத்தமும் மூலையில். ஈரமான படத்தை யாரும் முன்னே பின்னே பார்த்ததில்லை. "இப்பதான் போட்டாராம்" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். தபால்காரர் தொட்டே பார்த்துவிட்டு, நீல விரலைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் குடும்பம் படியேறி வந்தது.

சார் திகைத்துப்போனார். அந்தம்மா பளபளவென்று உடுத்தியிருந்தாள். கணவர் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில் இருந்தார். குழந்தைக்கு விசிறி மாதிரி விரிந்த புதுக் கவுன். கூடவே அந்தம்மாவின் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள்.

"யார்கிட்டயோ இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க, பாவம்" என்று மனைவி காதோடு சொன்னாள். "நமக்காக!"

சாருக்கு மனசு இளகிவிட்டது. நல்லவேளை அழித்தோம் என்று முதன்முறையாகத் தோன்றியது.

அந்தம்மா மற்றப் படங்கள் எதையும் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "வா, வா, இங்கதான் இருக்கும்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். படத்தின் முன்னால் நின்றாள். பச்சைப் போர்வையிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"இது போர்வை. இது ரெண்டும் துண்டு. இது இவரோட சட்டை. இது பாப்பாவோட கவுன். இது..."

விரல் நீலக் கதவின் முன்னால் நின்றுவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள்.

"சார், இங்க ஒரு பனியன் இருக்கணுமே?"

கூட்டம் சாரைத் திரும்பிப் பார்த்தது. சார் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மன்னிச்சிடும்மா. உங்களைக் கேக்காம உங்க வீட்டுத் துணிய வரைஞ்சது என் தப்பு. அதுவும் அந்தக் கிழிஞ்ச பனியனை நாலு பேர் பாக்கற மாதிரி... உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இன்னைக்குத்தான் அழிச்சேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"முழுசா அழிச்சிட்டேன். ஓட்டை, அதுல வர்ற வெளிச்சம், எதுவும் இல்ல. நீங்க கவலையே பட வேண்டாம்."

அந்தம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அக்கா அவள் தோளில் கை வைத்தாள். சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழித்ததும் தப்பு, அழிக்காததும் தப்பு என்றால் மனுஷன் எங்கேதான் போவான்? மனைவி மெல்ல முன்னால் வந்து, "அவர் வேணும்னு செய்யலம்மா, உங்க நிலைமை எங்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள்.

அதுவரை பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற எதிர்வீட்டுக்காரர், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சாரின் கையைப் பிடித்தார்.

"விடுங்க சார், நாளைக் காலையிலேருந்து பழைய வரிசையிலயே காயப்போடச் சொல்றேன், நிதானமாத் திரும்ப வரைங்க; 'அவர் இன்னும் முடிக்கல, அவர் இன்னும் முடிக்கல'ன்னு ஏழு மாசமா இவ அந்தப் பனியனை என்னைப் போடவே விடல!"