பொம்மக்கா கட்டிவிட்ட துணி மார்

வடசென்னையில் பொம்மக்காவை விட அதிகமாக அழுதவர் யாரும் கிடையாது. சொந்தத் துக்கத்துக்கு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காக அழுத அழுகை.

திருவொற்றியூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நான் ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத்தரும் நர்ஸ் பொம்மக்கா. வயிற்றில் மணல் ரொப்பித் தைத்த மூன்று கிலோ பொம்மை ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். அதை நம் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தானே அழுவார். தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கமாகப் பிடித்தீர்களோ, தொலைந்தீர்கள். சரியாகப் பிடிக்கிறவரைக்கும் அழுகை நிற்காது. ஒரு தடவை எதிர் பட்டறையிலிருந்து வெல்டர் ஒருத்தர் முகமூடியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"ஒன்னியும் இல்ல நைனா, புள்ளைக்குப் பசி," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார்.

பஸ்ஸில் அந்தப் பொம்மைக்கு எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. காலடிப்பேட்டை ஸ்டாப்பில் துண்டு விலகி பிளாஸ்டிக் கால் தெரிந்துவிட, இடம் கொடுத்த அம்மா சண்டைக்கு வந்தாள். பொம்மக்கா அசரவில்லை. நகர்ந்து உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் இழுத்துப்போட்டு பாடத்தை ஆரம்பித்தார். பாடம் முடிந்தபோது, அந்த அம்மா இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு ஸ்டாப் ஆகியிருந்தது.

வேடிக்கை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். என் தலையெழுத்து, வேடிக்கையே நான்தான். வெல்வெட் துணியில் பஞ்சு அடைத்து, நடுவில் பட்டன் வைத்து அவரே ஒரு மார் தைத்து வைத்திருந்தார். அதை என் சட்டைக்கு மேல் நாடாவால் கட்டி, முப்பது பெண்கள் நடுவில் உட்கார வைப்பார்.

"ஏங்க்கா, பொம்பளை யாரும் கிடைக்கலையா உங்களுக்கு?"

"பொம்பள செஞ்சா வெக்கப்படுவாளுங்கோ. நீ செஞ்சா சிரிப்பாளுங்கோ. சிரிச்சா தோளு எறங்கும், தோளு எறங்குனாதான் பாலு எறங்கும். ஒயுங்கா குந்து."

குந்தினேன்.

"இன்னாடா, புள்ளய தூக்கினு கீறியா, காஸ் சிலிண்டரா? மார எட்துனு புள்ளகிட்ட போவாத, புள்ளய மாருக்கு இட்னு வா. வவுறும் வவுறும் ஒட்டணும். மூக்கு காம்புக்கு நேரா. வாய பெர்சா தொறக்கற வரைக்கும் பொறு."

எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு, என் மானம் மரியாதையைக் காரணம் காட்டி, துணி மார் கட்ட வேறு ஆளைப் போடச் சொல்லி மேலதிகாரிக்கு மனு எழுதினேன். பதில் வருவதற்குள் எனக்கு மகள் பிறந்துவிட்டாள்.

நான்காம் நாள் குழந்தையின் எடை ரொம்பக் குறைந்திருந்தது. மாரைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. என் மனைவி தேவிக்குக் காம்பெல்லாம் புண். குழந்தையைத் தூக்கினாலே அவளுக்கு அழுகை. நாளைக்குள் ஒழுங்காகக் குடிக்காவிட்டால் அட்மிட் பண்ணவேண்டும் என்றார் டாக்டர். "இவளுக்குப் பாலே இல்ல மாப்ள, பால்பவுடர் டின்னு வாங்கினு வாங்க," என்று மாமியார் பையை நீட்டினார். ஊருக்கெல்லாம் செய்து காட்டியவன், பெற்றவளிடம் ஆம்பளை என்னத்தைச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் துணி மார் கட்டிக்கொள்வது வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெட்கத்தை விட்டு பொம்மக்காவுக்குப் போன் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வந்தார். தேவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து துணி மாரை எடுத்து நேராக என் மேல் கட்டினார்.

"இன்னாங்க இது?" என்றார் மாமியார்.

"உங்க மருமவன் எட்டு மாசமா பாலு குட்துனு கீறாரு. சொல்லலியா?"

மாமியார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தேவி என்னைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

பொம்மை என் கைக்கு வந்தது. பொம்மக்கா அழ ஆரம்பிக்க, போட்டிக்கு என் மகளும் அழ ஆரம்பித்தாள். வயிற்றோடு வயிறு, மூக்கு நேராகப் பொம்மையைப் பிடித்தேன். பொம்மக்கா அழுகையை நிறுத்தினார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்த தேவி குழந்தையைத் திருப்பிப் பிடித்தாள். வாய் பெரிதாகத் திறந்தது. "இப்போ!" என்று கத்தினேன்.

குழந்தை பிடித்துக்கொண்டது.

"வலிக்குதா?"

"இல்லீங்க." அவளால் நம்ப முடியவில்லை. முழுங்குகிற சத்தம் கேட்டது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மறுநாள் எடை இறங்கவில்லை, அட்மிஷனும் இல்லை. அதற்கடுத்த நாள் எடை ஏறியது.

பெயர் வைக்கும் நாள் வந்தது. குழந்தையின் காதில் அத்தைதான் பெயர் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"உங்களுக்குக் கூடப்பொறந்த பொண்ணு யாரும் இல்லியே மாப்ள," என்று மாமியார் கவலைப்பட்டார். "அத்தை மொறைக்கு யார் வருவாங்க?"

"எங்க அக்கா வருவாங்க," என்றேன்.