வடகிழக்கே ஓடிய தண்ணீர்

வீட்டை வாடகைக்கு விடுபவன், வரக்கூடிய ஆபத்துகள் அனைத்தையும் முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பதாக நம்புவான். தன்னை மட்டும் அவற்றோடு சேர்க்க மாட்டான். நானும் சேர்க்கவில்லை.

துவாக்குடியில் கடன் வாங்கி ஒரு சிறு வீடு கட்டினேன். வாடகை வந்தால் வங்கித் தவணை கட்டலாம். வராவிட்டால், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டையே விற்க நேரும். ஆகவே முறையாகத் திட்டமிட்டேன். காப்பீடு எடுத்தேன். குடியிருப்பவர் முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று அஞ்சி, எல்லாவற்றையும் தரகர் வழியாகவே பேசினேன் (என்ன ஒரு முன்யோசனை பாருங்க). வாஸ்துவையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு செய்தும், வந்தவர்களெல்லாம் சில மாதங்களிலேயே காலி செய்தார்கள். தரகரைக் கேட்டால் "ராசி இல்லாத வீடு சார்" என்பார் (புது ஆள் வந்தால் அவருக்குப் புதுக் கமிஷன்). தொழிற்சாலை ஊழியர் முருகேசனும் கிளம்பப்போகிறார் என்று தெரிந்ததும், உண்மைக் காரணத்தை நானே துப்பறியத் தீர்மானித்து, வீடு தேடுபவனைப் போலப் போய்க் கதவைத் தட்டினேன்.

"வாங்க சார், நல்லாப் பாருங்க. காத்து வரும், வெளிச்சம் வரும். ஆனா எடுக்காதீங்க" என்றார் முருகேசன்.

"ஏன்?"

பதிலுக்குக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். தண்ணீர் வெளியேறும் துளை தென்மேற்கு மூலையில் இருந்தது. தண்ணீரோ அதற்கு முதுகைக் காட்டிவிட்டு, கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து என் பாதங்களை நனைத்தது.

"தினமும் இதே கூத்துதான். ஒருத்தர் குளிச்சா, குடும்பமே கூடத்தைத் துடைக்கணும்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி கலா குரல் கொடுத்தார்: "மேஸ்திரி மேல தப்பில்லைங்க. ஓனருக்குத்தான் புத்தி அப்படியாம்."

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால், ஆயுள் முழுவதும் பிழை திருத்தியே பழகிய ஆசிரியன் நான்.

"புத்தியில் குறையில்லை அம்மா. தரைச்சரிவு வடகிழக்கே இருந்தால்தான் செல்வம் சேரும். மேஸ்திரி மறுத்தார், நான்தான் வற்புறுத்தினேன்."

முருகேசன் வாளியை மெல்லக் கீழே வைத்தார். கலா வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துடைக்கும் துணியை நீட்டினார்.

"ஓனரா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு நீங்க துடைங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைத்தேன். முழந்தாளிட்டுப் பார்த்தபோதுதான் அந்தச் சரிவின் கம்பீரம் முழுமையாக விளங்கியது.

"தரையை உடைத்துச் சரியாகப் போட்டுத் தந்தால் இருப்பீர்களா?" என்று கீழிருந்தபடியே கேட்டேன்.

"இருக்காம என்ன சார்? வீடு வீடா அலையணும்னு எங்களுக்கு வேண்டுதலா? ஆனா ஒண்ணு. தரை போடுற அன்னிக்கு நீங்க வரக்கூடாது" என்றார் முருகேசன்.

நான் போகவில்லை. தரை சரியாக அமைந்தது. இன்றுவரை அவர்களே குடியிருக்கிறார்கள், தவணையும் தவறவில்லை. முதலீட்டில் நான் கண்ட ஆகப் பெரிய பாதுகாப்பு, என் யோசனைகளை எட்ட நிறுத்துவதுதான் என்று இப்போது துணிந்து சொல்வேன்.

உறவினர்கள் மட்டும் இதை மறப்பதாயில்லை. அண்மையில் மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் யாரோ காபியைக் கொட்டிவிட, ஆளாளுக்குத் துணி தேடினார்கள். என் மனைவி நிதானமாகக் கையமர்த்தினாள்.

"சித்த இருங்கோ, துடைக்காதேங்கோ. எந்தப் பக்கம் போறதுன்னு இவர் பார்த்துச் சொல்லட்டும்."